திருப்பி அடிக்காத வீரம்

கொழும்பில் நமது கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் 'அடிமைத் தீவு' என்று பொருள்படும். ஒல்லாந்தர் ஆட்சியில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி அடிமைகளைப் பகலெல்லாம் கோட்டையில் வேலை வாங்கிவிட்டு, இரவில் பேர வாவிக்கு ஓரமான இந்த நிலத்தில் அடைத்து வைத்தார்கள். அந்த அடிமைகள் போய், ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. ஆங்கிலத்திலும் அப்பெயரை விட்டுவிட்டுக் 'கொம்பஞ்ஞ வீதிய' என்றே எழுத வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது 2022ஆம் ஆண்டில்தான்.

பெயர்ப்பலகையில் இருப்பதை ஒரு நாளில் மாற்றிவிடலாம். மனிதரின் மனத்தில் பதிந்திருப்பதை மாற்ற எத்தனை காலம் செல்லும்? அதை மாற்றப் புறப்படுகிறவர் என்ன விலை கொடுக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு அமெரிக்காவில் ஓர் அடிமையின் பேரனாகப் பிறந்த விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கை விடை சொல்கிறது. அவர் பெயர் ஜெக்கி ரொபின்சன். அவருடைய தாயும் மனைவியும் இல்லையேல் அந்த வரலாறே இல்லை. ஆகவே, "விளையாட்டுப் பக்கம் ஆண்களுக்குரியது" என்று சகோதரிகள் இதைப் புரட்டிவிட வேண்டாம்.

எல்லேயின் தூரத்து உறவு

ரொபின்சன் ஆடியது பேஸ்போல். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நம் நாட்டு மைதானங்களில் ஆடப்படும் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உருண்டையான மட்டையால் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக வைக்கப்பட்ட நான்கு தளங்களையும் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம். களத்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர். அவர்களில் தளங்களை ஒட்டி நின்று காவல் காப்பவர்களை உள்களக் காவலர் எனலாம். வேகமாக உருண்டு வரும் பந்தைக் குனிந்து எடுத்து, நிமிர்வதற்குள் எறிய வேண்டியது அவர்களுடைய வேலை. ரொபின்சன் அத்தகைய காவலர். முதலாம் தளத்தில் தொடங்கி, இரண்டாம் தளத்தில் புகழ் பெற்று, பிற்காலத்தில் மூன்றாம் தளத்திலும் நின்றவர்.

இவ்விளையாட்டில் 'தளம் திருடுதல்' என்றொரு வித்தையும் உண்டு. பந்து எறிபவர் சற்று அயர்ந்தால், மட்டையாளர் அடிக்கும் முன்பே ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்கு ஓடிவிடுவது. அதில் ரொபின்சனுக்கு ஈடு சொல்ல அக்காலத்தில் ஆள் இல்லை.

அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் அணிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1946 வரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. எல்லா அணிச் சொந்தக்காரரும் பேசாமல் கடைப்பிடித்த வழக்கம் அது. கறுப்பினத்தவர் தமக்கென்று தனி அணிகள் வைத்து, தனியாக ஆடி, குறைந்த கூலி பெற்று வந்தார்கள்.

ஐந்து பிள்ளைகளுடன் ஒரு தாய்

ஜெக்கி ரொபின்சன் 1919 ஜனவரி 31ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில் பிறந்தார். பிறர் நிலத்தில் பயிர் செய்து விளைச்சலில் பங்கு பெறும் ஏழைக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார்; திரும்பி வரவேயில்லை.

தாய் மெலி அழுதுகொண்டு அங்கேயே கிடக்கவில்லை. 1920இல் ஐந்து பிள்ளைகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, கலிபோர்னியாவிலுள்ள பசடேனா நகருக்குப் போனார். வெள்ளையர் வீடுகளில் துணி துவைத்தும் சமைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். உறவினரோடு சேர்ந்து பெப்பர் வீதியில் ஒரு வீடும் வாங்கினார். வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த தெரு அது. "இவர்களை வெளியேற்ற வேண்டும்" என்று அயலவர்கள் கையெழுத்துத் திரட்டிய போதும் மெலி அசையவில்லை.

தாய் வேலைக்குப் போனால் சின்னவனை யார் பார்ப்பது? சற்றே மூத்த சகோதரி வில்லா மே பாடசாலைக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிப் போவாள். அவள் வகுப்பில் படிக்கும் நேரமெல்லாம் தம்பி வெளியே மணற்றொட்டியில் விளையாடிக்கொண்டிருப்பான். ஆசிரியையிடம் பேசி மெலி செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒரு மகனை ஆளாக்குவதில் ஒரு சின்னஞ்சிறு சகோதரிக்கும் பங்குண்டு என்பதை வீடுகளில் நாம் எப்போதாவது எண்ணிப் பார்க்கிறோமா?

ஜெக்கியின் அண்ணன் மெக் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்று வெள்ளிப் பதக்கம் வென்றவர். முதலிடம் பெற்றவர் புகழ்பெற்ற ஜெசி ஓவென்ஸ். பதக்கத்தோடு ஊர் திரும்பிய மெக்குக்குக் கிடைத்த வேலை பசடேனா நகரின் தெருக் கூட்டுவது. ஒலிம்பிக் மேலங்கியை அணிந்துகொண்டே அவர் தெருவைக் கூட்டினார். தம்பி இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தான்.

ஜெக்கி லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நான்கு விளையாட்டுகளில் அப்பல்கலைக்கழக அணிகளுக்கு ஆடிய முதலாமவர் என்ற பெயர் பெற்றார். 1940இல் அங்கேதான் தாதியர் கல்வி பயின்றுகொண்டிருந்த ரேச்சல் என்ற பெண்ணை அறிந்தார்.

பஸ்ஸில் எழுந்த வழக்கு

உலக யுத்தம் வந்தது. 1942இல் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட ரொபின்சன், மறு ஆண்டு இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944 ஜூலை 6ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தில் ஹூட் முகாமில் இராணுவ பஸ்ஸொன்றில் ஏறி அமர்ந்திருந்தார். "பின்னால் போய் உட்கார்" என்றார் சாரதி. இராணுவ வண்டிகளில் இனம் பார்த்து இருத்தக் கூடாது என்ற கட்டளை இருப்பதை அறிந்த ரொபின்சன் எழும்ப மறுத்தார். விளைவு இராணுவ நீதிமன்ற விசாரணை. ஆகஸ்ட் 2ஆம் திகதி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தை மறந்துவிடக் கூடாது. பின்னாளில் அவர் காட்டிய பொறுமையைப் பயம் என்று எண்ணுகிறவருக்கு இதுதான் பதில். அவர் இயல்பிலே சூடான இரத்தம் உள்ளவர். அநியாயத்தைக் கண்டால் பொங்கி எழுகிறவர்.

மூன்று மணி நேரப் பரீட்சை

இராணுவத்திலிருந்து வெளியேறியபின் 1945இல் கன்சாஸ் சிற்றி மொனாக்ஸ் என்ற கறுப்பின அணியில் மாதம் 400 டொலருக்கு ஆடினார். அப்போது புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்த பிராஞ்ச் ரிக்கி என்பவர், அந்தப் பழைய மதிலை உடைக்க ஓர் ஆளை இரகசியமாகத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஆகஸ்ட் 28ஆம் திகதி இருவரும் புரூக்ளினில் சந்தித்தார்கள். சந்திப்பு ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீடித்தது.

ரிக்கி வேண்டுமென்றே ரொபின்சனை ஏசினார். ஹோட்டலில் இடம் தர மறுக்கும் எழுதுவினைஞராகவும், வேண்டுமென்றே மோதுகின்ற எதிரணி வீரராகவும், இழிசொல் கத்தும் பார்வையாளராகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். இதையெல்லாம் கேட்டும் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா என்பதே பரீட்சை. திருப்பி அடிக்கப் பயப்படும் ஆளைத்தானா தேடுகிறீர்கள் என்று ரொபின்சன் கேட்டார். திருப்பி அடிக்காமலிருக்கத் துணிவு உள்ளவரையே தேடுவதாக ரிக்கி பதில் சொன்னார். ஒரு சண்டை மூண்டால், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று கூறிக் கதவை மீண்டும் சாத்திவிடுவார்கள். பின்னால் வர இருக்கும் நூற்றுக்கணக்கானோர் வெளியிலேயே நிற்பார்கள். ரொபின்சன் அதைப் புரிந்துகொண்டு வாக்குக் கொடுத்தார்.

சப்பாத்துப் பெட்டிச் சாப்பாடு

1946 பெப்ரவரி 10ஆம் திகதி ஜெக்கிக்கும் ரேச்சலுக்கும் திருமணம் நடந்தது. அம்மாதக் கடைசியில் புதுமணத் தம்பதிகள் பயிற்சி முகாமுக்காகப் புளோரிடா புறப்பட்டார்கள். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த மெலி, ஒரு சப்பாத்துப் பெட்டியில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்து நீட்டினார். படித்த மருமகளுக்கு அதைப் பலர் முன்னே வாங்குவது கூச்சமாக இருந்தது. விமானத்தில் போகிறவர்கள் கட்டுச்சோறா கொண்டு போவது?

நியூ ஓர்லியன்ஸில் விமானம் மாற இறங்கிய இடத்தில் அவர்களை ஏற்றவில்லை; இடம் வெள்ளையருக்குக் கொடுக்கப்பட்டது. உணவுச்சாலையில் உட்கார அனுமதியில்லை. இரவு தங்கக் கிடைத்த அழுக்கு அறையில், பசித்துப்போன இருவரும் மெலியின் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தார்கள். தெற்கில் பிறந்து வளர்ந்த மாமியாருக்குத் தெரிந்திருந்தது, மேற்கில் வளர்ந்த மருமகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நகரான பென்சகோலாவிலும் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார்கள். எஞ்சிய வழிக்குப் பஸ். சாரதி பின்வரிசைக்குப் போகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் அதே வார்த்தைக்காக நீதிமன்றம் வரை போன மனிதர், இப்போது வாய் பேசாமல் எழுந்து பின்னால் போய் அமர்ந்தார். இருட்டில் ரேச்சல் சத்தமின்றி அழுதார். கணவன் என்ன விலை கொடுக்கத் தொடங்கிவிட்டார் என்பதை அவர் அந்த இரவில் அறிந்துகொண்டார்.

அவ்வாண்டு டொட்ஜர்ஸின் கீழணியான மொன்றியல் ரோயல்ஸுக்கு ரொபின்சன் ஆடினார். ஏப்ரல் 18ஆம் திகதி ஜேர்சி சிற்றியில் முதல் ஆட்டம். ஐந்து தடவை மட்டை பிடித்ததில் நான்கு தடவை வெற்றியடி, இரண்டு தளத் திருட்டு. கனடாவின் மொன்றியல் நகரில் அயல் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சியான ரேச்சலுக்குத் தமது பங்கீட்டு முத்திரைகளைக் கொடுத்து உதவினார்கள். மொழி வேறு, நிறம் வேறு. ஆனால் நல்ல அயலவர்.

1947 ஏப்ரல் 15

அன்று புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் சுமார் 26 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். முதுகில் 42 என்ற இலக்கத்தோடு 28 வயது ரொபின்சன் முதலாம் தளத்தில் நின்றார். பார்வையாளர் பகுதியில், கலிபோர்னியாவின் வெயிலுக்குத் தைத்த மெல்லிய உடுப்போடு ஐந்து மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரேச்சல் குளிரில் இருந்தார். தீனி விற்பவரிடம் கேட்டுக் குழந்தையின் பாற்போத்தலைச் சூடாக்கிக்கொண்டார். வரலாறு இப்படித்தான் நடக்கிறது. ஒரு பக்கம் ஆரவாரம்; மறு பக்கம் பசித்தழும் குழந்தைக்குப் பால் சூடாக்க இடம் தேடும் தாய்.

அதன் பின் வந்த மாதங்கள் கொடியவை. அவருடைய அணியைச் சேர்ந்த சிலரே அவரோடு ஆட முடியாது என்று மனுத் தயாரித்தார்கள்; தெற்கைச் சேர்ந்த பீ வீ ரீஸ் என்ற வீரர் அதில் கையொப்பமிட மறுத்தார். ஏப்ரல் 22ஆம் திகதி பிலடெல்பியா அணியின் முகாமையாளர் பென் சப்மன் தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காதால் கேட்க முடியாத வசைகளைக் கத்தினார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. பந்தை வேண்டுமென்றே உடலை நோக்கி எறிந்தார்கள். கூரிய முள் பதித்த சப்பாத்தால் காலை மிதித்தார்கள். ரொபின்சன் கை ஓங்கவில்லை. அவருடைய பதில் எல்லாம் ஆட்டத்தில் இருந்தது. அந்த வருடம் 29 தளங்களைத் திருடினார். ஆண்டின் சிறந்த புதிய வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

வசையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற மனிதருக்கு வீடு எப்படி இருக்க வேண்டும்? ரேச்சல் ஊரில் நடந்த ஆட்டம் ஒன்றையும் தவறவிடவில்லை. வெளியில் பேச முடியாததைப் பேசுவதற்கும், பேசாமலே இருப்பதற்கும் அவர் வீட்டில் இடம் வைத்திருந்தார்.

வாய் திறந்தபின்

1948இல் ரொபின்சன் இரண்டாம் தளத்துக்கு மாறினார். 1949 அவருடைய பொன்னான ஆண்டு. நூறு தடவைக்கு முப்பது வெற்றியடி என்றாலே நல்ல மட்டையாளர் என்பார்கள். அவர் முப்பத்து நான்குக்கு மேல் பெற்றுத் தமது லீக்கில் முதலிடம் பெற்றார். அவ்வருடத்தின் மிகப் பெறுமதியான வீரரும் அவரே.

அதே காலத்தில் ரிக்கி அவரை வாக்கிலிருந்து விடுவித்தார். இனி மற்றவர்களைப் போல் நீங்களும் பேசலாம் என்றார். ரொபின்சன் பேசினார். நடுவரோடு வாதாடினார், இடம் தராத ஹோட்டல்களைக் கண்டித்தார். மௌனமாக இருந்தபோது புகழ்ந்த பத்திரிகைகளிற் சில, இப்போது அவரை வாய்க்காரர் என்று எழுதத் தொடங்கின.

சகோதரிகளே! இந்த இடத்தில் சற்று நிற்போம். பொறுமை வேறு, அநியாயத்துக்கு அடங்கிக் கிடப்பது வேறு. ரொபின்சனின் மௌனத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. ஒரு கால எல்லை இருந்தது. அதை அவரே தெரிந்தெடுத்தார். பக்கத்தில் துணை நின்றவர்களும் இருந்தார்கள். இவை ஒன்றும் இல்லாமல், அடி வாங்குகின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "பொறுமையாக இரு மகள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவளுக்குப் பொறுமையைப் போதிப்பதாகாது. அவளைக் கைவிடுவதாகும்.

1955இல் டொட்ஜர்ஸ் அணி முதன்முறையாக 'உலகத் தொடர்' கிண்ணத்தை வென்றது. அத்தொடரின் முதலாவது ஆட்டத்தில் 36 வயதான ரொபின்சன் மூன்றாம் தளத்திலிருந்து இறுதித் தளத்தையே திருடி ஓடி வந்தார். பத்து வருட ஆட்டத்தில் 1,382 போட்டிகள், 137 'ஹோம் ரன்', 197 தளத் திருட்டு. 1956இன் இறுதியில் வேறோர் அணிக்கு அவரை விற்க முயன்றபோது, ஆட்டத்தையே விட்டு விலகி ஒரு கோப்பிக் கம்பனியின் உப தலைவரானார். 1962இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த மேடையில் தாயையும் மனைவியையும் ரிக்கியையும் தம்மோடு எழுந்து நிற்கச் செய்தார்.

வீட்டுக்குள் வந்த துயரம்

வெற்றிக் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. மைதானத்தில் பால் குடித்த அந்த மூத்த மகன், தகப்பனின் பெயரையே கொண்டவன், வியட்நாம் யுத்தத்துக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியபின் போதைப்பொருளுக்கு அடிமையானான். 1968இல் கைது செய்யப்பட்டான். ரொபின்சன் மறைக்கவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள்மீது தமக்கிருந்த செல்வாக்கு தம் பிள்ளைமீது இருக்கவில்லை போலும் என்று பத்திரிகையாளர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார். மகன் மறுவாழ்வு நிலையமொன்றில் சேர்ந்து குணமடைந்து, பிற இளைஞரை மீட்கும் வேலையிலும் ஈடுபட்டான். ஆனால் 1971 ஜூன் 17ஆம் திகதி ஒரு கார் விபத்தில் 24 வயதில் இறந்துபோனான்.

கொழும்பின் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் தூளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்த வரிகளைப் படித்து அழக் கூடும். அவர்கள் ஒன்றை மனங்கொள்ளட்டும். "ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி மறைத்த வீடுகளில் நோய் வளர்ந்ததே தவிரத் தீரவில்லை. அந்த மகன் மீண்டது வெளியில் சொல்லி உதவி தேடிய பிறகுதான்.

ரொபின்சனுக்கு நீரிழிவு. கண் பார்வை மங்கியது. 1972 ஒக்டோபர் 15ஆம் திகதி உலகத் தொடரின் மைதானத்தில் அவருக்குக் கௌரவமளித்தார்கள். நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பினத்தவர் அணியின் முகாமையாளராக நிற்பதைக் காண்பதே தம் ஆசை என்றார். ஒன்பது நாட்களின்பின் 53ஆவது வயதில் காலமானார். அந்த ஆசை 1975இல் பிராங்க் ரொபின்சன் என்ற வேறொருவரால் நிறைவேறியது. 1997இல் எல்லாப் பெரிய அணிகளும் 42 என்ற இலக்கத்தை அவருக்காக ஒதுக்கி வைத்தன.

ரேச்சல் பிள்ளைகள் வளரும் காலத்திலேயே மீண்டும் படித்து, மனநோய்த் தாதியர் துறையில் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானவர். கணவர் மறைந்த மறு ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவி, வசதியற்ற மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தொடங்கினார். 2022 ஜூலையில் தமது 100ஆவது வயதில் நியூயோர்க்கில் கணவரின் நினைவாக அமைந்த அருங்காட்சியகத்தின் திறப்பு நிகழ்வுக்கு வந்திருந்தார்.

நமது முற்றத்தில்

அமெரிக்கரின் நிறவெறியைக் கேட்டு முகம் சுளிப்பது எளிது. அரபிக்கு அரபியல்லாதவரை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ மேன்மை இல்லை என்ற இறுதி ஹஜ் உரையை நாம் மிம்பரில் கேட்கிறோம். மீலாத் மேடைகளில் நம் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். அதே வீட்டில் பெண் பார்க்கப் போகும்போது முதல் கேள்வி என்ன? "பிள்ளை நிறமா?" பிறந்த குழந்தையைத் தொட்டிலில் பார்த்த உடனே, "வாப்பாவைப் போலக் கறுப்பு" என்று உச்சுக்கொட்டுகிறோம். வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் "காப்பிலி" என்று பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அந்தச் சொல் பிள்ளை தானாகக் கண்டுபிடித்ததல்ல, வீட்டில் கேட்டது.

பெப்பர் வீதியில் கையெழுத்துத் திரட்டியவர்களும் தம் பிள்ளைகளுக்கு நல்ல பெற்றோராகத்தான் தங்களை நினைத்திருப்பார்கள். அடுத்த முறை ஒரு மருமகளைத் தேடிப் போகும் உம்மாமார், நிறத்தைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பி வரட்டும்.